மடிப்பம்மா சொல்லாத வரி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவன் நான். மூன்றே வாக்கியம்தான். அதையும் என் பெயரில் சொல்லவில்லை. முன்பின் பார்த்திராத ஓர் அம்மாவின் பெயரில் சொன்னேன். நாளை காலை பத்து மணிக்கு அதனால் அவருக்கு வேலை போகப்போகிறது. தடுக்கக்கூடியவள் ஒருத்திதான், என் அக்கா. அவள் வாயைத் திறந்தால் அவள் வேலை போகும். விஷயம் இவ்வளவுதான். அவசரக்காரர்கள் இத்தோடு எழுந்து போகலாம், நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போகாதவர்களுக்காகத் தொடர்கிறேன். அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். கட்டில் விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி என்று எல்லாமே அடித்தளத்தில் இருக்கும் அந்த ஒரு ஹாலுக்குத்தான் அழுக்காக வந்து சுத்தமாகத் திரும்பிப் போகும். கதையை அங்கே தொடங்கிப் பார்த்தேன்:

நீராவி மூட்டத்துக்கு நடுவே, முகம் தெரியாத மனிதர்களின் வியர்வையையும் கண்ணீரையும் துவைத்தபடி அவர்கள் —

[விட்டுவிட்டேன். அங்கே நீராவி மூட்டமெல்லாம் கிடையாதாம். "போன வருஷமே புது எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாச்சுடா" என்றாள் அக்கா. கண்ணீர் பற்றிக் கேட்டதற்கு, "பெரும்பாலும் குழம்புக் கறைதான்" என்றாள்.]

2

ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார். மதிய இடைவேளையைப் பத்து நிமிஷம் குறைத்ததைக்கூட, பிறந்தநாள் வாழ்த்து சொல்வதுபோலத்தான் சொன்னார். அதனால் அவருக்கு சிரிப்பு சார் என்று பெயர் வந்துவிட்டது.

சிரிப்பு சார் மேற்பார்வையாளர்களை வரிசையாக உட்கார வைத்தார். "உங்க ஆளுங்க ஒவ்வொருத்தரும் தன்னோட வேலைக்குப் பின்னால இருக்கிற பெரிய நோக்கத்தைக் கண்டுபிடிக்கணும். நீங்க கூட இருந்து உதவி பண்ணணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

அக்காவுக்கு இதில் 'வெள்ளிக்கிழமைக்குள்ள' மட்டும் தெளிவாகப் புரிந்தது.

ஆளுக்கொரு ஃபாரம் கொடுத்தாள். 'என் வேலையின் பெரிய நோக்கம்' என்று மேலே அச்சடித்து, கீழே ஒரு கட்டம். மெஷின்காரர் அந்தக் கட்டத்தில் தன் ரத்த வகையை எழுதினார். எல்லா ஃபாரத்திலும் கடைசியில் அதைத்தானே கேட்பார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. இஸ்திரிக்காரர் 'சுருக்கமே இல்லாத ஓர் உலகம்' என்று எழுதிவிட்டு, இடம் போதவில்லை, இன்னொரு தாள் வேண்டும் என்றார். மனுஷர் இத்தனை வருஷமாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்திருக்கிறார், பாவம்.

மடிப்பு மேசையில் இருப்பவரை எல்லோரும் மடிப்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது தாண்டியவர். பேச்சு குறைவு. அவர் எழுதியிருந்தது: 'மாலை நாலு மணி.'

"அம்மா, இது நம்ம ஷிப்ட் முடியற நேரம். அவங்க நோக்கம் கேக்கறாங்க" என்றாள் அக்கா.

"நானும் அதைத்தான் மேடம் எழுதியிருக்கேன்."

"இல்லம்மா, இதைவிடப் பெருசா ஏதாவது?"

மடிப்பம்மா நிஜமாகவே யோசித்தார். அரட்டையோ நக்கலோ அவரிடம் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நாலு மணி."

3

அன்று சாயங்காலமே அக்கா என் வீட்டு வாசலில் நின்றாள். "டேய், இவங்களுக்கு ஒரு வரி எழுதிக் கொடுடா. நீ சும்மாதானே இருக்கே."*

(* எழுதிக்கொண்டிருப்பவனை சும்மா இருப்பவன் என்று சொல்வது எங்கள் குடும்ப வழக்கம். அத்தான்கூட போனில் "மச்சான் எழுதறாரா, இல்ல ஏதாவது வேலையா இருக்காரா?" என்றுதான் விசாரிப்பார்.)

எழுத நாலு நிமிஷம்தான் ஆனது. படித்துப் பாருங்கள்:

'நான் மடிப்பது துணியை அல்ல, ஒருவரின் நிம்மதியை. ஒவ்வொரு விரிப்பையும் விரித்துப் பிடிக்கும்போது ஒரு நொடி நிற்கிறேன். அதில் படுக்கப்போகிறவரை மனசார நினைத்துக்கொள்கிறேன்.'

நன்றாக இருக்கிறதல்லவா? அதுதான் பிரச்சினை. இது அதுவல்ல, வேறொன்று என்று சொல்லும் வாக்கியத்துக்கு எங்கேயும் கைதட்டல் உண்டு. இந்த வித்தை எனக்கு வெகுநாளாகத் தெரியும். அந்த 'ஒரு நொடி' எதற்கு வந்தது தெரியுமா? முதல் வாக்கியம் தனியாகக் கொஞ்சம் மொட்டையாக நின்றது. காதுக்கு நிறைவாக இல்லை. அதற்காகச் சேர்த்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

அக்கா படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "அடேயப்பா! அவங்களே சொன்ன மாதிரி இருக்குடா" என்றாள். மறுநாள் புது ஃபாரம் ஒன்றில் தன் கையாலேயே எழுதி, வருகைத் தாள், சோப்புக் கணக்கு இவற்றோடு சேர்த்து மடிப்பம்மாவிடம் நீட்டினாள். மேடம் நீட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் படிக்காமலே மூன்றிலும் கையெழுத்துப் போட்டார்.

4

இந்த இடத்தில் எனக்கு மடிப்பம்மா பேரில் ஒரு சந்தேகம் வந்தது. நாலு மணிக்காக ஒருத்தர் வேலை செய்கிறார் என்றால் நாலு மணிக்கு என்னதான் இருக்கிறது? ஏதோ இருக்க வேண்டும். சும்மாவா ஒரு கதாபாத்திரம் கடிகாரம் பார்க்கும்? எனவே எழுதினேன்:

வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவனுக்கு மாலை மருந்தை ஊட்ட வேண்டுமே என்ற தவிப்பில் அவர் —

அக்கா பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்தாள். "அவங்க வீட்டுக்காரர் கல்லு மாதிரி இருக்கார்டா. தினமும் ரெண்டு பேரும் பூங்கால உக்காந்திருப்பாங்க. நான் பஸ்ல போறப்ப பாத்திருக்கேன்."

"உக்காந்து?"

"உக்காந்து என்ன? உக்காந்திருப்பாங்க."

எவ்வளவு ஏமாற்றம் பாருங்கள். படுக்கையில் கிடக்கும் கணவன் ஒருவன் கிடைத்திருந்தால் இந்தக் கதை பாதி தூரம் தானாகவே நடந்திருக்கும். செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியில்லாமல் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆனால் அவருக்கு அது போதுமாக இருந்தது. போதும் என்று சொல்கிற ஆளைக் கதையில் வைத்துச் சமாளிப்பது பெரும்பாடு.

5

வரி தேர்வாகிவிட்டது. மொத்த ஆஸ்பத்திரியிலும் முதலிடம். மடிப்பம்மாவின் போட்டோவோடு கண்ணாடி போட்டு, சலவை ஹாலின் வாசலிலேயே மாட்டினார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நின்று, முழுசாகப் படித்தார்.

"இது நான் சொன்னதா மேடம்?"

அக்கா கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தாள். "ஆமாம்மா... நீங்க சொன்னதைத்தான் கொஞ்சம்..."

"ஓ" என்றார் மடிப்பம்மா. திரும்பிப் போய் வேலையைப் பார்த்தார்.

அத்தோடு விட்டிருந்தால் ஒரு பொய், ஒரு சட்டம், ஓர் ஆணி என்று முடிந்திருக்கும். சிரிப்பு சார் விடவில்லை. இவ்வளவு அருமையான பழக்கம் ஒரே ஒருவரோடு நிற்கலாமா என்று அவருக்கு ஆதங்கம். இனி மடிப்பு மேசையில் எல்லோரும் விரிப்பை விரித்துப் பிடித்து ஒரு நொடி நின்றுதான் மடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

விரிப்பு மடிப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நானும் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன். [பொய். எழுதியிருப்பேன்.] ஆஸ்பத்திரி விரிப்பை ஒருவர் மடிக்க முடியாது. மடிப்பம்மா ஒரு முனை, எதிரே நெட்டை என்று கூப்பிடப்படும் பெண் மறுமுனை. உதறுவார்கள், முனைகளைச் சேர்ப்பார்கள், ஒருவரை நோக்கி ஒருவர் நடப்பார்கள், நெட்டை தன் முனையை மடிப்பம்மா கையில் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். உதறின வேகத்தில் துணி காற்றில் இருக்கும்போதே சேர்த்துவிட வேண்டும். அந்த நேரத்தில் நின்றால் நடுத்துணி தொங்கித் தரையில் படும். தரையில் பட்ட துணி நோயாளிக்குப் போகக்கூடாது, திரும்ப மெஷினுக்குத்தான். இது அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

மடிப்பம்மா அதைச் சொல்லித்தான் பார்த்தார். "சார், விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாது. துணி கீழ விழுந்துடும்."

சிரிப்பு சார் இரண்டு கையையும் விரித்துச் சிரித்தார். "என்னம்மா இது, உங்க வரிதானே!"

அக்கா பக்கத்தில்தான் நின்றாள். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறாள். அப்போதெல்லாம் வராத வெட்கம் அந்த நேரத்தில் வந்தது என்றாள். ஆனால் வாய் திறக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று நினைத்தாளாம், அதற்குள் சார் போட்டோ எடுக்க ஆரம்பித்துவிட்டாராம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

6

வாரம் முழுக்க விரிப்புகள் தரையைத் தொட்டன. நெட்டை ஒரு நொடியைச் சீக்கிரம் முடித்துவிடுவாள். மடிப்பம்மா சொன்னபடி முழுசாக நிற்பார். இருவருக்கும் தாளம் தப்பியது. மற்ற துணியெல்லாம் காத்துக் கிடக்க, துவைத்ததையே மறுபடி துவைத்தார் மெஷின்காரர். வியாழக்கிழமை காலை ஆபரேஷன் அறைக்குப் போட பச்சைத் துணி இல்லை. மூன்று ஆபரேஷன்கள் மத்தியானத்துக்குத் தள்ளிப்போயின.

அதில் ஒரு நோயாளியைக் கொன்றுவிடலாமா என்று யோசித்தேன். கதை கொஞ்சம் கனக்கும். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஒருவருக்குப் பசிமயக்கம் மட்டும் வந்ததாம்.

ஆனால் விசாரணை வந்தது. உத்தரவு தப்பு என்று சொல்ல ஆளில்லை. சிரிப்பு சார் அதற்குள் அதை வேறு நாலு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிவைத்து, மேலிடத்தில் பாராட்டும் வாங்கியிருந்தார். உத்தரவு தப்பில்லை என்றால் மடித்தவர்தானே தப்பு?

"அவங்களே சொன்ன நோக்கம், மேடம்" என்றார், சிரித்துக்கொண்டே. "அதை அவங்களாலேயே செய்ய முடியலைன்னா, இந்த வேலைக்கு அவங்க சரிப்பட மாட்டாங்கன்னுதானே அர்த்தம்? மடிப்பு மேசையிலதான் தாமதம்னு நீங்க திங்கக்கிழமை பத்து மணிக்கு ஒரு கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது. அவங்களை நிறுத்திடலாம்."

7

நேற்று, சனிக்கிழமை, அக்கா மடிப்பு மேசைக்குப் போனாள். நெட்டை கைகழுவப் போயிருந்த நேரம்.

"அம்மா, அந்த வரி நீங்க சொன்னது இல்ல. என் தம்பி எழுதினான். நான்தான் உங்ககிட்ட கையெழுத்து வாங்கினேன்."

"தெரியும் மேடம்."

"தெரியுமா!"

"எனக்கு அப்படியெல்லாம் பேச வராதே." மடித்த விரிப்பின் ஓரத்தை உள்ளங்கையால் நீவினார். "நான் எழுதினது எங்க?"

"என் டிராயர்ல இருக்கு."

"அதையே மாட்டியிருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

[இதற்கு அக்கா என்ன பதில் சொன்னாள் என்று எழுத ஐந்து வாக்கியங்கள் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவள் மேசை மேலிருந்த விரிப்புகளை எண்ணத் தொடங்கிவிட்டாளாம்.]

"தம்பி துணி மடிச்சிருக்காரா?" என்று கேட்டார் மடிப்பம்மா.

"சட்டையைக் கழட்டினா நாற்காலி மேல போடுவான்."

மடிப்பம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை என்றாள் அக்கா. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பாளாம். பிறகு அவரே கேட்டார்: "திங்கக்கிழமை என்ன மேடம் சொல்லப் போறீங்க?"

அதற்குள் நெட்டை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"சரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்" என்றார் மடிப்பம்மா. "இன்னும் நாற்பது இருக்கு." எதிர்முனையை நெட்டையிடம் வீசினார். அன்றைக்கு ஒரு நொடியும் நிற்கவில்லை. ஒன்றும் தரையில் படவில்லை.

8

இன்று ஞாயிறு. மத்தியானம் மூன்று மணி. அக்கா என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நீங்கள் இதுவரை படித்ததை எல்லாம் படித்து முடித்துவிட்டாள்.

"இதுல நான் ரொம்ப மோசமா வரேனே" என்றாள்.

"நானும்தான்."

"உன்னை யாருக்குத் தெரியும்? எனக்கு வேலை போயிடும்டா." சிறிது நேரம் தாள்களைத் தட்டித் தட்டி அடுக்கினாள். "ஒண்ணு பண்ணு. அவங்களுக்கும் வேலை போகக்கூடாது, எனக்கும் போகக்கூடாது. அந்த மாதிரி ஒரு கடிதம் எழுதிக் கொடு. நாளைக்குப் போய்க் கொடுத்துடறேன்."

முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். மூன்று எழுதினேன்.

முதலாவதில் 'மேற்படி வரி எழுதப்பட்டது' என்று தொடங்கினேன். யார் எழுதியது என்ற பேச்சே இல்லை. வானத்திலிருந்து விழுந்து ஃபாரத்தில் ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது. "நல்லா இருக்கு" என்றாள் அக்கா. பிறகு, "யாரு எழுதினதுன்னு கேப்பாங்களே?" என்றாள்.

இரண்டாவதில் சிரிப்பு சார் கடிதத்தைப் படித்து மனம் மாறி, கண்கலங்கி, தானே ஒரு விரிப்பை மடித்துப் பார்க்கிறார். பாதியிலேயே எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெடுநேரம் சிரித்தோம். சின்ன வயசில் சிரித்த மாதிரி. அப்புறம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பினால் வந்தது இல்லை.

மூன்றாவதில் மடிப்பம்மா தானாகவே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, யார் மேலும் வருத்தமில்லாமல், தலை நிமிர்ந்து வெளியே நடக்கிறார். வெயில் கொஞ்சம் சேர்த்திருந்தேன். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். யாருக்கும் தொந்தரவு தராமல் கண்ணியமாக விலகிப்போகிற ஆள் மாதிரி எங்களைப் போன்றவர்களுக்கு வசதியான ஆள் உலகத்திலேயே கிடையாது. அக்கா அதை இரண்டாகக் கிழித்தாள். நல்லவேளை.

"சரி, நாலாவது எழுது" என்றாள். "நாளைக்கு நான் உள்ளே போய் என்ன சொல்றேன்னு எழுது. என்ன எழுதினாலும் அப்படியே சொல்லிடறேன். சத்தியமா."

பேனாவை எடுத்தேன். அவள் சொன்னால் செய்வாள். 'எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்' என்று எழுதினால் நாளைக்குப் பத்தேகாலுக்குப் பத்தொன்பது வருஷத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். 'கையெழுத்துப் போட்டாள்' என்று எழுதினால் போட்டுவிடுவாள். இரண்டில் எது நடந்தாலும் பழி என்னுடையது, அவளுக்கு நிம்மதி. அதற்காகத்தான் கேட்கிறாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் கை பரபரத்தது. ஒரு நல்ல வரி நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

பேனாவை மூடினேன். "எழுத மாட்டேன்க்கா."

"ஏன்டா? அன்னிக்குக் கேட்டவுடனே எழுதினே. இப்ப என்ன வந்துது உனக்கு?"

"அதனாலதான்."

"அப்ப அந்தம்மா வீட்டுக்குப் போகட்டுமா? நீ எழுதின வரிக்கு?"

ஒரு தாளை எடுத்தேன். அதில் எனக்குச் சொந்தமானதை மட்டும் எழுதினேன்: 'சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்த வாசகத்தை எழுதியவன் நான். அந்த அம்மாவிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை.' கீழே பெயர், விலாசம், கையெழுத்து. படித்துப் பார்த்தேன். மொட்டையாக நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இது என்னோடது" என்று அவள் பக்கம் தள்ளினேன். "எடுத்துட்டுப் போறதும் கிழிக்கறதும் உன் இஷ்டம்."

அக்கா அதைப் படித்தாள். கிழிக்கவில்லை. எடுத்துக்கொள்ளவும் இல்லை. "கழுத்தறுத்துட்டியேடா" என்றாள். எழுந்து ஜன்னல்வரை போனாள். திரும்பி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் பேனாவை எடுத்து, இன்னொரு வெற்றுத்தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வருகைத் தாளில் எழுதுகிற அதே குண்டு குண்டான எழுத்தில் ஒரு வார்த்தை எழுதினாள்.

'நான்'

அதற்குமேல் பேனா நகரவில்லை. ஐந்து நிமிஷமாக அந்த ஒரு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது தலையைத் தூக்கி என்னைக் கேட்கிறாள்: "அப்புறம்?"

நான் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கும் ஒரு வரி தோன்றியிருக்கும், எனக்குத் தெரியும். என்னுடையதைவிட நல்லதாகவே இருக்கும். தயவுசெய்து நீங்களும் சொல்லாதீர்கள். அவள் எழுதட்டும்.